சுடுகாட்டு வழிப் பாட்டுக்குத் தாளம்

மனித குலம் கண்டுபிடித்த வேலைகளிலேயே வீணானது, கச்சேரியில் உட்கார்ந்துகொண்டு தன் தொடையைத் தானே அடித்துக்கொள்வது. இதை நான் நிதானமாக ஆராய்ந்து, எங்கள் சித்தூர் காலேஜ் சுவர்ப் பத்திரிகையில் எழுதி நிறுவியிருக்கிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை. படிக்கவும் இல்லை.

என் அக்கா ரூபா பாடகி. திருப்பதியில் சங்கீதம் படித்தவள். சனிக்கிழமை சித்தூரில் கச்சேரி, அது நன்றாகப் போனால் மறுவாரம் திருப்பதியில். இரண்டிலும் சாமி பாட்டுகளுக்கு நடுவே அவளே கட்டிய பாட்டுகள். அதில் ஒன்று எங்கள் அப்பாவுக்கு, நைனாவுக்கு. போன மழையில் நைனா செத்தபோது, வரதய்யபாளையம் பக்கம் எங்கள் காலனியின் சுடுகாட்டு வழியை ஒருவர் வேலி போட்டு அடைத்திருந்தார். மார்பளவு ஓடைத் தண்ணீரில் பாடையைத் தூக்கிப்போனோம். நானும் தூக்கினேன். என் போன் நனைந்து வீணானது.

வேலி இன்னும் இருக்கிறது. எத்தனையோ மனு கொடுத்தாயிற்று. கச்சேரிக்கு வருகிற பெரிய மனிதர்களாவது நடுவில் எழுந்து போகாமல் கேட்பார்கள் என்பது அக்காவின் நம்பிக்கை.

சனிக்கிழமை மத்தியானம் மிருதங்கம் நாகபூஷணம் அக்காவுக்குப் போன் செய்தார்.

"நீ பொணம், பாடைன்னு பாடிக்கினு இருப்பே. நான் வாசிச்சா அப்புறம் எந்த உற்சவத்துக்கும்மா என்னைக் கூப்புடுவாங்க? அந்த ஒண்ணை உட்டுடு, வந்துடறேன்."

"அந்த ஒண்ணுக்குத்தான் சார் கச்சேரியே."

அவர் வைத்துவிட்டார். அடுத்து இன்னொரு மிருதங்கக்காரர் மோகன்ராஜைக் கேட்டோம். வண்டியிலிருந்து விழுந்து, புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். "ஒரு கையால வாசிக்கட்டுமா?" என்றார். நல்ல மனுஷன்.

"டேய் தரணி, நீயாவது முன்னால உக்காந்து தாளம் போடுடா. சின்னதுல நான் சாதகம் பண்ணப்ப போட்டியே."

"எனக்குன்னு ஒரு கொள்கை இருக்குதுக்கா."

"உன் கொள்கையைக் கொண்டுபோய் அதே ஓடையில போடு."

மிருதங்கம் இல்லாமலே மேடை ஏறினாள். துணைக்கு வயலின் சுந்தரி மட்டும். முன் வரிசையில் திருப்பதி சபா செயலாளர் ஹரிபாபு. இங்கே எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் அங்கே மேடை தருவேன் என்றவர். சாமி பாட்டுகளுக்கு அந்த வரிசை மொத்தமும் கண்ணை மூடித் தொடையை அடித்தது.

'பாடை' என்ற சொல் வந்ததும் கைகள் நின்றன. யாரும் எழுந்து போகவில்லை, கத்தவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பாட்டென்று ஒப்புக்கொள்ளாததற்கு இவர்கள் தாளம் போடமாட்டார்கள். மரியாதையாக வெளியே அனுப்பும் வழி அது.

அக்கா அந்தக் கைகளைப் பார்த்துவிட்டாள். தாளம் போட்டுக்கொண்டிருந்த அவள் கையும் மடியில் விழுந்தது. பாட்டில் பாடை தண்ணீரில் இறங்கும் அடி பாதியிலேயே அறுந்தது. சுந்தரி ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். எங்கே திரும்ப எடுப்பது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. ஹரிபாபு குனிந்து செருப்பைத் தேடினார்.

நான் பின்னாலிருந்து வந்து அவர் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு தட்டு. சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். மறுபடி தட்டு. ஹரிபாபு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அக்கா என் கையைப் பார்த்தாள். ஒரு சுற்றை விட்டுப் பிடித்து, அந்த அடியை எடுத்தாள்.

தொடை எரிந்தது. போட்டுக்கொண்டே இருந்தேன்.