மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி

இன்னும் ஒன்பது படி... இல்லை, பத்து. திருப்பத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படிப்பதுபோல் நின்றுகொள்கிறேன், பள்ளிக்கூடத்திலும் இதே வித்தைதான், நான் எடுக்கும் ஓவிய வகுப்பு இரண்டாம் மாடியில், போன வருடத் தேர்வு அட்டவணைகூட எனக்கு மனப்பாடம். "என்னம்மா, பரீட்சைக்கா படிக்கிறே?" மேலே போய்விட்ட அத்தை சிரிக்கிறாள். மாமியார் நல்லவள், அதுதான் கஷ்டம். ஏழாம் மாதத்தில் எல்லாருக்கும்தான் மூச்சு வாங்கும் என்று தன் கையாலேயே மூன்று தலையணை அடுக்கித் தருகிறாள், சற்றுச் சரிந்து படுத்தாலும் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல்... எல்லாருக்குமா அப்படி? இருமல் நிற்கவில்லை என்றுதான் எங்கள் தெரு டாக்டர் இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பழைய வியாதி ஏதாவது உண்டா என்று அவர் முன்பு கேட்டபோது ஒன்றுமில்லை என்றேன், யாரும் சொல்லித்தராமல் நானே சொன்னேன். இப்போது அம்மா என்னோடு பின்தங்கிக் கையைப் பிடிக்கிறாள். "நர்ஸ் பழசெல்லாம் கேப்பாங்க. இல்லைன்னுடு. உங்கத்தை பக்கத்துலயே இருப்பாங்க, புரியுதா?" புரிகிறது அம்மா, ஐந்து வருடமாகப் புரிகிறது. பன்னிரண்டு வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தேன், இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, நிறுத்தவே கூடாது என்றார்கள். என் கணவர் வீட்டார் பெண் பார்க்க முதன்முதலாக வந்த அன்று ஊசி போட்ட இடம் வலித்து லேசாக நொண்டினேன், புதுச் செருப்பு கடிச்சிடுச்சு என்றாள் அம்மா. அடுத்த ஊசிக்கு நாங்கள் போகவில்லை. அவ்வளவுதான், ஒரு செருப்போடு முடிந்தது. அவரிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனை முறை வாயெடுத்து, குழாயை மூடினீங்களா என்று கேட்டு முடித்திருக்கிறேன்...

எடை, உயரம், சர்க்கரை, நர்ஸ் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போகிறாள். "சின்ன வயசுல இதயக் கோளாறு ஏதாவது?" மேசைக்கடியில் அம்மாவின் கை என் முழங்காலில். "இவளுக்கா? கல்லு மாதிரி இருப்பா" என்று அம்மாவே முந்திக்கொள்கிறாள். "ஆமா, மாடிப்படியைப் பார்த்தா மட்டும் கல்லு அசையாது" என்கிறாள் அத்தை. நர்ஸும் சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன், சிரிக்கக்கூட மூச்சு போதவில்லை, பேனா 'இல்லை' என்ற கட்டத்துக்குப் போகிறது. உள்ளே இருப்பது ஒரு உதை விடுகிறது, என் மூச்சில் பாதி அதனுடையது, அதை யார் கேட்டார்கள்? அம்மா பயப்படுவது என் வாழ்க்கைக்கா, அன்று சொன்ன அந்தச் செருப்புக்கா... ஒருவேளை அவளுக்கே தெரியாதோ?

"அதுல டிக் பண்ணாதீங்க சிஸ்டர்."

என் குரல்தானா? அத்தையின் சிரிப்பு பாதியில் நிற்கிறது, நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முழங்காலில் இன்னொரு அழுத்தம், முன்னைவிடப் பலமாக. அந்தக் கையை மெல்ல எடுத்து அம்மாவின் மடியிலேயே வைக்கிறேன். சில்லென்று இருக்கிறது. எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது?