தொலைநோக்கில் கையெழுத்துப் போட்டவர்கள்

பொதுத் தொலைநோக்கு அறிக்கையில் கடைசிக் கையெழுத்து விழுந்த அன்று பிற்பகல், பெங்களூரின் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களை உருவாக்கும் பேராசிரியர்கள் அத்தனை பேருக்கும் கிட்டத்தில் இருப்பது தெரியாமல் போனது. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் இறங்குகிற இடம்வரை ஒரே பால்வெள்ளை. அதற்கு அப்பால் எல்லாம் துல்லியம். மூன்றாம் மாடியில் நின்றபடி, நகருக்கு வெளியே எல்லையோரத்து அத்திபெலே சந்தையில் ஒருவர் தக்காளியை அமுக்கிப் பார்ப்பதைச் சொன்னார்கள். எதிரில் நீட்டிய காப்பியைத் தட்டிவிட்டார்கள். நடுவிலிருந்த கட்டடங்கள் கண்ணுக்கே படாததால் எதையும் மறைக்கவும் இல்லை.

கணிதம் கற்பிக்கும் முறை என்ற பாடத்தை நடத்திவந்த மௌரீன் அந்தக் கையெழுத்தைப் போடாமல் இருந்திருக்கலாம். அதுவரை ஒவ்வொரு பி.எட். கல்லூரியும் தன் போக்கில் ஆசிரியர்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒன்றில் ஒழுக்கம், ஒன்றில் பாட்டு, இன்னொன்றில் வெறும் சார்ட் பேப்பர். எல்லோருக்கும் வழிகாட்ட ஒரே பார்வை வேண்டும், அதுவும் தர ஆய்வுக் குழு வருவதற்குள் வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. டீன் பாகீரதி தலைமையில் கமிட்டி கூடியது. ஒரு மழைக்காலம் முழுக்க 'ஆசிரியர்' என்பதா, 'கற்றல் வழியமைப்பாளர்' என்பதா என்று பேசினார்கள். தத்துவப் பேராசிரியர் ஃபிராங்க்ளின் 'முழுமையான' என்ற சொல்லுக்காக வெளிநடப்புச் செய்து, டிபன் வந்ததும் திரும்பிவந்தார். யார் மனமும் நோகக் கூடாதென்று ஒவ்வொருவருக்கும் உறுத்திய சொல்லாக நீக்கிக்கொண்டே போனதில், தொலைநோக்கு வாக்கியம் கூழாங்கல் மாதிரி வழவழப்பாகிவிட்டது.

"மேடம், இதுல பிள்ளைங்களே இல்லையே?" என்றார் மௌரீன்.

"அது உள்ளர்த்தமா இருக்கும்மா. சும்னே இழுக்காதீங்க, பஸ்ஸுக்கு நேரமாகுது," என்றார் பாகீரதி.

மௌரீனுக்கும் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. போட்டுவிட்டார்.

ஆய்வுக் குழு வந்தது. பேராசிரியர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, உங்கள் துறையின் பார்வை என்ன என்று கேட்டது. அத்தனை பேரும், அத்திபெலே ஏரிக்கரையில் ஒரு கறுப்பு ஆடு போஸ்டர் தின்கிறது என்றார்கள். குழுவினர், இப்படியொரு ஒருமித்த பார்வையை நாட்டிலேயே கண்டதில்லை என்று எழுதி, உயர்ந்த தரத்தைக் கொடுத்துவிட்டு, சால்வைகளை வாங்கிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அது நோயாக இருக்க வழியில்லை, சாதனையாகிவிட்டது. கண் டாக்டரிடம் போனவர்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

சிக்கல், கற்பித்தல் பயிற்சியில் வந்தது. மாணவிகள் பள்ளியில் பாடம் நடத்தும்போது பேராசிரியர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து மதிப்பிட வேண்டும். நகருக்குள்ளேயே இருக்கும் நீலசந்திராவில் ஒரு பள்ளியில் மௌரீன் உட்கார்ந்தார். வெள்ளையாக இருந்தது. அதே பேட்டையில் வளர்ந்த சங்கமித்ரா அன்று பின்னம் நடத்தினாள். குரல் கணீரென்றிருந்தது. பிள்ளைகள் ஒரே குரலில் "புரிஞ்சுது மிஸ்" என்றார்கள். அந்த ஒரே குரலை மட்டும் நம்பாதீர்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவர் மௌரீன். இப்போது எந்த முகம் பொய் சொல்கிறது என்று அவராலேயே பார்க்க முடியவில்லை. டீனிடம் போய் முறையிட்டார். எல்லோருக்கும் 'ஏ' போடுங்கள், பார்வை ஒன்றானபோது மார்க் மட்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும் என்றார் பாகீரதி.

சங்கமித்ராவுக்கு அந்த 'ஏ' இனிக்கவில்லை. "நீங்க பாக்கவே இல்ல மேடம். நாளைக்கு வேலையில சேந்து நான் தப்பா நடத்தினா, யார் வந்து சொல்லுவாங்க?"

மௌரீனுக்கு முகம் சுட்டது. பழக்கதோஷத்தில் தூரத்தைப் பார்த்தார். அத்திபெலேயில் ஒரு பள்ளி. கூரை வேலை நடந்ததால் வகுப்பு புளியமரத்தடியில் நடந்துகொண்டிருந்தது.

"அங்க போய் நடத்துறியா?" என்றார்.

அடுத்த வாரம் சங்கமித்ரா பஸ் ஏறிப் போனாள். மௌரீன் படிகளைத் தடவித் தடவி மொட்டைமாடிக்கு ஏறி, சங்கமித்ராவின் இயர்போனுக்குப் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். மரத்தடியில் பிள்ளைகள் வாயைத் திறந்து மூடினார்கள்: புரிஞ்சுது மிஸ். பச்சை ரிப்பன் கட்டிய ஒரு சிறுமியின் வாயும் அசைந்தது. ஆனால் அவள் கண் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டில் இருந்தது.

"சங்கமித்ரா, அந்தப் பச்சை ரிப்பன். அவளுக்குப் புரியல."

சங்கமித்ரா சாக்பீஸை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். தன் டிபன் டப்பாவைத் திறந்து, சப்பாத்தியைப் பாதியாகக் கிழித்தாள், பாதியைப் பாதியாக. சிறுமி துண்டுகளை உற்றுப் பார்த்தாள். பிறகு கால் பங்கை எடுத்துக் காட்டிச் சிரித்து, வாயில் போட்டுக்கொண்டாள். மௌரீன் அழுதார். கண்ணீர் மிகக் கிட்டத்தில் இருந்ததால் பார்வையை மறைக்கவில்லை.

மௌரீன் அவளுக்கு 'பி பிளஸ்' போட்டார். அந்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் விழுந்த ஒரே பி பிளஸ். சங்கமித்ரா மைசூர்பாக்கோடு வந்து, நீட்டினால் தெரியாதென்று உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள். டீன் இந்த ஏற்பாட்டைத் தன் யோசனையாக அறிவித்து, பயிற்சி வகுப்புகள் எல்லாவற்றையும் அத்திபெலேக்கு மாற்றி, துணைவேந்தரும் ஆகிவிட்டார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாளே கையெழுத்துப் போடுகிறார்கள். பல்கலைக்கழக வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் முழங்கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அத்திபெலேயில் தாய்மார்கள் பிள்ளைகளுக்குத் தலைவாரும்போது, முகத்தை நகரத்துப் பக்கமாகத் திருப்பிவைத்தே வாருகிறார்கள். பேராசிரியர்கள் பார்ப்பார்கள் அல்லவா.