முழங்காலில் ஒரு நாடா

பிரதோஷுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஆண்கள் பெண்ணாக அலங்கரித்துக்கொண்டு ஆடும் டிராக் நிகழ்ச்சியைச் செங்கம் சாலை கஃபேயில் தொடங்கியதே அவன்தான். புடவை கட்டி, மையிட்டு, ஹைமவதி என்ற பெயரோடு மேடையில் நிற்கும் அந்த ஞாயிறு மாலை அரை மணி நேரம்தான் வாரத்திலேயே அவன் அவனாக இருக்கும் நேரம். இல்லை, அவளாக. அது எதுவென்று அவனுக்கே இன்னும் தீர்மானமாகவில்லை. வீட்டில் அவன் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவதாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மேடைக்கு அடி அண்ணாமலை கிராமத்து அறிவுச்செல்வனைக் கூட்டி வந்ததும் இந்தப் புத்திசாலிதான். வந்த மூன்றே வாரத்தில் அறிவு மேடையில் கவிநிலா என்ற பெண்ணாகி, குதித்து ஆடி, மொத்தக் கைதட்டலையும் வாரிக்கொண்டான். ஹைமவதியை அழகு என்றார்கள். கவிநிலாவுக்கு விசில் அடித்தார்கள். இன்றைக்கு இருவரில் ஒருவரைச் சென்னை நிகழ்ச்சிக்குத் தேர்ந்தெடுக்கப்போவதாகக் கஃபே நடத்தும் தேவசேனா சொல்லியிருந்தாள்.

இந்த லட்சணத்தில் அறிவு பின்னறையில் வந்து புடவையை நீட்டினான்.

"நீயே கட்டிவுடுடா. உன் கை மாதிரி வராது."

பிரதோஷின் கை அப்பாவின் கை. அப்பா அம்மனுக்கு அலங்காரம் செய்யும் குருக்கள். பக்கத்தில் நின்று மடிப்பு எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவன் இவன். விசிறி போல் கொசுவம் வைத்தான். பிறகு, மடிப்பு கலையாமலிருக்க அப்பா செய்வது போலவே, முழங்காலுக்குக் கீழே உட்புறமாக இரு காலையும் சேர்த்து நாடாவைச் சுற்றி இறுக்கி முடிந்தான். அம்மன் நிற்பவள், அவளுக்குச் சரி. ஆடப்போகிறவனுக்கு? தெரிந்தேதான் செய்தான். அறிவு கண்ணாடியில் பார்த்துப் பூரித்துப்போய் நன்றி வேறு சொன்னான். குட்டிக் குட்டி எட்டாக வைத்து மேடைக்குப் போனபோதுகூட, புடவை புதுசு என்றுதான் நினைத்துக்கொண்டான்.

பாட்டு தொடங்கியது. முதல் குதிப்பிலேயே அறிவு தடுமாறித் தூணைப் பிடித்துக்கொண்டான். யாரோ சிரித்தார்கள். பிரதோஷுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து மேடையேறினாள். அறிவின் அம்மா ஆராயி. குனிந்து, புடவைக்குள் கைவிட்டு நாடாவை அவிழ்த்து உருவினாள். நடவுக்கு இறங்குகிறவர்கள் செய்வது போல் மகனின் புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிவிட்டாள்.

"இப்ப ஆடு" என்றாள்.

அவன் ஆடினான். கைதட்டல் அடங்கவே இல்லை.

சென்னைக்கு அறிவுதான் என்று தேவசேனா அறிவித்தபோது பிரதோஷுக்கு அது உறைக்கவே இல்லை. சென்னை போய்த் தொலையட்டும். பெண்ணாக நிற்கும் பிள்ளையைப் பார்க்க வந்து, எல்லார் முன்னாலும் அவன் புடவையையும் சரிசெய்துவிடும் ஓர் அம்மா. அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. இதுவரை எரிந்ததெல்லாம் எரிச்சலே இல்லை.

பின்னறைக்கு வந்த ஆராயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். நாடாவைப் பற்றிக் கேட்கப்போகிறாள் என்று அவன் நினைத்தான். அவளோ அவன் தானே கட்டிக்கொண்ட புடவையின் கொசுவத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எவ்ளோ நேர்த்தியா கீது. உங்கம்மா கட்டிவுட்டாங்களா, கண்ணு?"

"ஆமாங்க" என்றான் பிரதோஷ். "அம்மாதான்."