கரட்டுப்பட்டிக்கு வைத்த நீலப்புள்ளி

கிணறு கிணறாகப் போய் உப்பு பார்த்து அதைப் வரைபடமாகப் போட்டவர் கிளாராவுக்கு முன்னால் திண்டுக்கல் பக்கம் யாரும் கிடையாது. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு எந்த ஊர்வரைக்கும் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது என்று ஆளாளுக்கு வாயால் சொன்னார்கள். அவள்தான் டிவிஎஸ் வண்டியில் வாளி, கயிறு, மீட்டரோடு அலைந்து, கெட்ட கிணற்றுக்குச் சிவப்பு, நல்ல கிணற்றுக்கு நீலம் என்று புள்ளி வைத்தாள். உள்ளங்கை காய்த்துப் போனது. ஷாப்பு ஆட்கள் வழிமறித்து வண்டிச்சாவியைப் பிடுங்கி முள்ளுக்காட்டில் எறிந்தார்கள். அப்படியும் அவள் நிற்கவில்லை. அடுத்தவர் மோந்து கொடுத்த தண்ணீரைச் சோதிக்கவும் மாட்டாள். தானே கயிறு விட்டு இறைப்பாள்.

ஒரே ஒரு ஊரில் தவறினாள். கரட்டுப்பட்டி. அங்கே ஊரே குடிப்பது அவள் அக்கா சகாயசெல்வி தோட்டத்துக் கிணற்றில்தான். சித்திரை வெயிலில் தலை சுற்றி வந்து உட்கார்ந்தவளிடம் அக்கா ஒரு குடத்தைக் காட்டினாள்.

"இப்பத்தான் எறச்சேன், இதுல பாருடி. ஏங்கிட்டயும் கயிறு விட்டுத்தான் பாப்பியாக்கும்?"

பார்த்தாள். மீட்டர் நல்ல தண்ணீர் என்றது. நீலம் வைத்தாள்.

அந்தப் படத்தை வைத்துத்தான் 1999-ல் சிவப்பு ஊர்கள் பதினாறுக்கும் லாரித் தண்ணீர் வந்தது. விவசாயிகள் போட்ட நஷ்டஈட்டு வழக்கும் அதை நம்பியே நின்றது. நீலப்புள்ளி கரட்டுப்பட்டிக்கு லாரி இல்லை. கலங்கி நாறிய தண்ணீரையே குடித்தார்கள். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் புண்.

கிளாரா சாட்சி சொல்ல வேண்டிய விசாரணைக்கு முந்தின நாள் சகாயசெல்வி தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அன்னிக்கு நீ பாத்தது நம்ம கெணத்துத் தண்ணி இல்லடி. ஆத்தூர்ப் பக்கமிருந்து சைக்கிள்ல கொண்டாந்தது."

கிளாரா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "ஏங்க்கா?"

"அன்புக்கரசிக்கு அந்த நெலத்தைத்தானே சீதனமா எழுதித் தாரதாப் பேச்சு. ஆயக்குடி சம்பந்தம். மக கல்யாணத்துக்கு முன்னாடி நீ செவப்பு வச்சா, அவுக வந்த வழியே போயிருப்பாக."

"கல்யாணம் முடிஞ்சு ஒன்றரை வருசமாச்சே!"

"சொன்னா அவளை வீட்டுக்கு அனுப்பிருவாகளோன்னு பயம். இப்ப ஊரே சீரழியுது. நாளைக்கு நீயாத் தெரியாம வச்சதாச் சொல்லி மாத்திரு, தாயி."

சாயங்காலமே கிளாரா விவசாயிகள் தரப்பு வக்கீல் அருள்நாதனிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரு புள்ளி தப்புன்னு உங்க வாயாலயே சொன்னா, மத்ததும் தப்புன்னு சொல்ல ஷாப்புக்காரங்களுக்கு எம்புட்டு நேரம் ஆகும்? பதினாறு ஊரும் போயிரும்மா. தீர்ப்பு வரட்டும், பெறகு இதைச் சேத்துக்குவோம்."

"எப்ப வரும்?"

"அது யாருக்குத் தெரியும்."

மறுநாள் விசாரணையில் கரட்டுப்பட்டி ஆட்கள் தங்கள் ஊருக்கும் லாரி கேட்கும் மனுவோடு பின்வரிசையில் இருந்தார்கள். சகாயசெல்வி பக்கத்தில் அவள் மருமகன்.

ஷாப்பு முதலாளிகளின் வக்கீல் கேட்டார்: "எல்லாக் கிணத்துலயும் நீங்களேதான் எறச்சீங்களா? ஒரு எடத்துலகூட அடுத்தவங்க குடுத்ததை வாங்கலை?"

கிளாரா திரும்பிப் பார்த்தாள். அக்கா எழுந்து நின்றிருந்தாள். மருமகன் அண்ணாந்து, "என்னத்தே?" என்றான். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாம் நான் எறச்சதுதாங்கய்யா" என்றாள் கிளாரா.

வெளியே வந்ததும் கரட்டுப்பட்டி பேச்சிமுத்து அவளை மறித்தார். "அடிச்சுப் பேசிட்டியேத்தா! எங்க கெணத்துல ஒரு வா குடிச்சுட்டுப் போயி பேசு. எம் பேரன் ராத்திரியெல்லாம் சொறிஞ்சுக்கிட்டே கெடக்கான்."

"விடுங்கண்ணே" என்று குறுக்கே வந்தாள் சகாயசெல்வி. "அவ என்ன செய்வா, மிசினு காட்டுனதைச் சொல்றா."

"உந் தங்கச்சின்னு பேசுறியாக்கும்" என்று காறித் துப்பிவிட்டு அவர் நடந்தார். ஊர் ஜனம் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. அக்கா அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். பதினாறு ஊர்க்காரர்கள் கிளாராவைச் சூழ்ந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள்.