தொப்புவின் வால்

புதிய கார்ட்டூனின் முதல் விளம்பரம் வெளியான அன்று காலை, பழைய கார்ட்டூனின் குட்டி நீர்யானை, தன்னை மாற்றி வரைந்த பெண்ணின் வீட்டுக்கு நடந்து வந்து, சோபாவுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவில் நின்றுகொண்டது. ஓவியக்காரி அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அதைச் சுற்றி நடந்து பார்த்தாள். முன்னாலிருந்து பார்த்தால் தொப்பு முழுசாக இருந்தது: சாம்பல் நீலத் தொந்தி, துருத்திய ஒற்றைப் பல், எப்போதும் நடுங்கும் காதுகள். பக்கவாட்டிலும் இருந்தது. நிழல் மட்டும் விழவில்லை. அந்தக் காலத்தில் நிழல் வரைய யாருக்கும் நேரம் இருந்ததில்லை. பின்னால் போய் நின்றபோது தொப்பு இல்லை. எதிரே இருந்த சுவரும் நாட்காட்டியும் தெரிந்தன.

அது ஏன் என்று அவளுக்கு உடனே விளங்கியது. கார்ட்டூன் உருவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரித் தாள் உண்டு. முன்பக்கம், முக்கால் திருப்பம், பக்கவாட்டு, முதுகு என்று அந்த உருவத்தைத் திருப்பித் திருப்பி வரைந்து வைப்பார்கள். பிறகு நூறு கைகள் வரைந்தாலும் மூக்கு ஒரே மூக்காக இருக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான். பழைய கம்பெனி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நடந்த கம்பெனி. தொப்புவுக்கு முதுகே வரையாமல் விட்டுவிட்டார்கள். அது அறைக்குள் வரும், கேமராவைப் பார்க்கும், இடி இடித்தால் “நான் இங்க இல்லையே!” என்று கண்ணை மூடிக்கொள்ளும். வெளியே ஓட வேண்டிய கட்டம் வந்தால் கதவு சாத்துவதை மட்டும் காட்டி, டமால் என்று ஒரு சத்தத்தைப் போடுவார்கள். அது ஓடிய ஓட்டத்தைக் குழந்தைகளின் மூளை இலவசமாக வரைந்துகொண்டது.

புதிய தொடரில் தொப்பு மெலிந்திருந்தது. பல்வரிசை சீராகியிருந்தது. பயம் போய், “நான் வந்துட்டேன்!” என்று குதிக்கும் வீரனாகியிருந்தது. விளம்பரம் ஓடி முடிவதற்குள் இணையத்தில் திட்டு தொடங்கிவிட்டது. தொந்தியைக் கேட்டார்கள், பல்லைக் கேட்டார்கள். ஆனால் எல்லாரும் ஒரே குரலில் கேட்டது வாலை. வாலை வெட்டிவிட்டார்கள் என்றார்கள். ஓடும்போது பம்பரமாய்ச் சுழலுமே, அந்த வால் எங்கே என்றார்கள். வளர்ந்த மனிதர்கள் இடுப்பில் துணி வாலைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துப் போட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த வாலைப் பார்த்ததில்லை. ஒவ்வொருவரும் பார்த்ததாகச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள்.

புதிய கம்பெனியின் மேனேஜர் போனில் அழைத்தார். “மேடம், தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க. ரெண்டு நாள்ல வேற எதுக்காவது கத்தப் போயிடுவாங்க.” வீட்டில் தொப்பு நிற்பதை அவள் சொன்னாள். அது பழைய கம்பெனியின் சொத்து, நமக்குச் சம்பந்தமில்லை என்று அவர் வைத்துவிட்டார்.

அடுத்து அழைத்தவன் அவள் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக், இருண்ட குழிக்குள் தனியாக இறங்கி வேலை பார்க்கிறவன், ஆனால் இடி இடித்தால் இன்றும் முகம் வெளுத்துவிடும். தொப்பு ரசிகர் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

“வாலை எந்தப் பாவிடி வெட்டினது?”

“அண்ணா, வரைஞ்சது நான்தான். ஆனா அதுக்கு வாலே கிடையாது. யாரும் வரையவே இல்ல.”

“யாருக்குடி காது குத்துற? நான் அந்த வாலைப் பிடிச்சிட்டுத் தூங்கினவன்.” அண்ணன் குரலை உயர்த்தினான். “பயந்தவனுக்குன்னு இருந்ததே தொப்பு ஒண்ணுதான். அதையும் வீரனாக்கிட்டீங்களா?”

“பயந்தாங்கொள்ளின்னு உன்னை எல்லாரும் எப்படிக் கேலி பண்ணினாங்கன்னு பார்த்துட்டுத்தானே நான்...” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு அறுந்தது. கோபம் தலைக்கேறிய அண்ணன், வரைந்தது தன் தங்கைதான் என்று குழுவில் போட்டான். தெருவை அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை; குழுவில் பாதிப் பேருக்கு அவள் வீடு தெரியும். மதியத்துக்குள் அவள் வீட்டு வாசலில் துணி வால்கள் நிறைந்துவிட்டன. முதலில் பாட்டுப் பாடினார்கள். பிறகு கேட்டை உலுக்கினார்கள். ஒரு கல் பால்கனிச் செடித்தொட்டியை உடைத்தது. தொப்பு கண்ணை மூடி, “நான் இங்க இல்லையே” என்றது. காதுகளின் நடுக்கத்தில் அலமாரிக் கண்ணாடி கிலுகிலுத்தது.

அண்ணன் பின்வாசல் வழியாக ஓடிவந்தான். “அறிவு கெட்டுப்போய்க் குழுவுல போட்டுட்டேன் பாப்பா, இப்போ எவனும் என் பேச்சைக் கேட்க மாட்டேங்கிறான்” என்று ஆரம்பித்தவன், சோபாவுக்குப் பக்கத்தில் தொப்பு நிற்பதைப் பார்த்து அதை நோக்கிக் கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்து ஜன்னல் திரை காற்றில் விலகியது. வாசலில் ஒருத்தி “தொப்பு!” என்று அலறினாள். பிறகு கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் கூவியது: “வாலைக் காட்டு! வாலைக் காட்டு!”

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய தொடரின் ஒவ்வொரு பகுதியும் ஒரே மாதிரிதான் முடியும்: பார்க்கிற குழந்தைகளைக் கூவச் சொல்வார்கள், அவர்கள் கூவியதைத் தொப்பு செய்யும். மறுக்கத் தெரியாதபடிதான் அது உண்டாக்கப்பட்டிருந்தது. ஆகவே இப்போதும் அதன் பாதங்கள் மெல்லத் திரும்பத் தொடங்கின. முன்பக்கத்திலிருந்து முக்கால் திருப்பம், முக்காலிலிருந்து பக்கவாட்டு. அதற்குமேல் மாதிரித் தாளில் எதுவும் இல்லை. அது மேலும் திரும்ப, இடது காதின் விளிம்பு கரைந்து பின்னாலிருந்த சுவர் தெரிந்தது.

“திரும்பாதே! அண்ணா, அது முழுசாத் திரும்பினா இருக்காது!” என்று கத்திக்கொண்டே ஓவியக்காரி மேஜை மேலிருந்த பழைய மாதிரித் தாளை இழுத்தாள். மூன்று உருவங்களுக்குப் பக்கத்தில் வெற்றிடம் இருந்தது. முதுகின் வளைவு எளிது, பக்கவாட்டிலிருந்து கணக்குப் போட்டால் வந்துவிடும். காதுகளை மாற்றிப் போட்டாள். தொந்தியின் பிதுக்கம் இரு பக்கமும் கொஞ்சம் தெரிய வேண்டும், அதையும் போட்டாள். வால் வர வேண்டிய இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. இல்லாத ஒன்றை எந்த அளவில் வரைவது? தொப்புவின் தோள் பாதி போயிருந்தது. ஆனாலும் அது பணிவாகத் திரும்பிக்கொண்டே இருந்தது.

“நீ பிடிச்சிட்டுத் தூங்கினியே, எப்படி இருந்துச்சு? சொல்லு!”

“நீதான் இல்லன்னு சொன்னியே...”

“சொல்லித் தொலைடா அண்ணா!”

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். “குட்டைதான். என் கை ஒரு பிடிக்குத்தான் வரும். நுனியில பிரஷ் மாதிரி முடி, கொஞ்சம் பிசுபிசுன்னு இருக்கும். அடியில தடிமன்.” அவன் காற்றில் மூடிய முஷ்டியைப் பார்த்து, அந்த அளவுக்கே அவள் வரைந்தாள். நுனி முடியின் கடைசிக் கோடு விழுந்தபோது கரைந்த காது திரும்பி வந்தது. தோளும் வந்தது. தொப்பு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி முழுசாக நின்றது. வால் ஒருமுறை ஆடியது.

வாசலில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அதுவரை எந்தக் கண்ணும் பார்த்திராத முதுகு அது. பிறகு முன்வரிசையிலிருந்து ஒருவர், தன் துணி வாலைத் தூக்கிக் காட்டி, “இன்னும் கொஞ்சம் நீளமா இருக்கும்ங்க” என்றார். பக்கத்திலிருந்தவள் இதுவே நீளம் என்றாள். இருவரும் சண்டை போட்டுக்கொண்டே நடக்க, அவர்களுக்குச் சமாதானம் சொல்லப் போனவர்களும் கட்சி பிரிய, பொழுது சாய்வதற்குள் தெரு காலியாகிவிட்டது. உடைந்த தொட்டியை அண்ணன் அள்ளிப் போட்டான்.

புதிய தொடர் வெளியாகி நன்றாகவே ஓடியது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், பிற்பாடு அதையும் யாரோ மாற்றியபோது, இதே தெருவில் வந்து நின்று கத்தினார்கள். நெட்டை வால் கட்சியும் குட்டை வால் கட்சியும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. தொப்பு இப்போது எந்தக் கதவு வழியாகவும் வெளியே போகலாம். போகவில்லை. வீடு பெருக்குகிறவர்கள் அதைச் சுற்றிப் பெருக்கப் பழகிக்கொண்டார்கள். வானம் கறுக்கும் நாட்களில் அண்ணன் வேலையைப் பாதியில் விட்டு, கருவிப் பையோடு வந்து சோபாவில் உட்காருவான். தொப்பு அவனுக்கு முதுகைத் திருப்பிக் கொடுக்கும். தங்கை ஜன்னல்களைச் சாத்துவாள். இடி இடிக்கும்.

“நான் இங்க இல்லையே” என்று சொல்லும் தொப்பு.

“நானும் இல்ல” என்பான் அண்ணன், வாலை இறுகப் பிடித்துக்கொண்டு.