உட்கார்ந்து வருகிறவர்

ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகத்து இலக்கணத் துறையில் எல்லோரும் தமிழில்தான் பேசினார்கள். வாக்கியத்தில் வினைச்சொல்லை மட்டும் இரண்டாவதாக வைத்துவிடுவார்கள். அவர்கள் மொழியின் சட்டம் அது. மீறினால் திறந்த வாய் மூடாது.

அறவாழி பாளையங்கோட்டைக்காரர். அவருக்கு இது பழகிவிட்டது.

ஸ்வீடன்காரர்கள் ஒரு காரியத்தைச் சும்மா செய்துவிடமாட்டார்கள். உட்கார்ந்து படிப்பார்கள், நின்று காத்திருப்பார்கள், படுத்து யோசிப்பார்கள். அந்த இரட்டை வினைகளை எண்ணுவதுதான் அறவாழியின் ஆராய்ச்சி. எண்ணுவதற்குத் தரவகம் என்று ஒரு கிடங்கு இருந்தது. நாட்டில் யார் எழுதிய வாக்கியமானாலும் அங்கே கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள். கிடங்கில் இல்லாத வாக்கியம் வெளியே நடக்காது.

மனைவி பிரமநாயகி போனில் கூப்பிட்டாள்.

“எங்க இருக்கிய?”

“இந்தா, வந்துக்கிட்டே இருக்கேன்.”

நாற்காலியில் இருந்தபடிதான் சொன்னார். நாலு பேர் சொல்வதுதானே. எதிரே இருந்த துறைத் தலைவி ஊல்லா அதைத் தட்டச்சு செய்து கிடங்கில் தேடினார்.

“ஒருவர் வருகிறார் உட்கார்ந்து,” என்று சத்தமாக வாசித்தார். “இது இல்லை கிடங்கில். அதனால் வரவில்லை நீங்கள்.”

“அந்தம்மா சொன்னது கேட்டுச்சு,” என்றாள் பிரமநாயகி. “நல்லாத்தான் சொல்லுதாவ. நான் ஊருக்கு ரயில் ஏறிட்டேன். போறேன்.”

போன் அடங்கியது.

ஊருக்குப் போகட்டும். பாளையங்கோட்டைக்கு அங்கிருந்து நேர் ரயில் உண்டு, மதியம் புறப்படும். அறவாழியை உலுக்கியது அந்தப் ‘போறேன்’தான். அவர்கள் ஊரில் தெருமுனைக்கு உப்பு வாங்கப் போகிறவள்கூடப் ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்வாள். வெறும் ‘போறேன்’ என்றால் திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

எழுந்து ஓடினார்.

தாழ்வாரம் நீண்டது. ஸ்வீடன்காரர்களுக்கு வாசல் இரண்டாவது கதவு. தமிழ் ஆளுக்கு வினை கடைசியில்தான் வரும், வாசலும் அப்படியே. நடுவில் வேற்றுமை உருபுகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு வந்து சேர்ந்தார்.

வாசலில் காவலாளி நில்ஸ்.

“நீங்கள் சொல்லவேண்டும் ஏதாவது.”

“போயிட்டு வாரேன்.”

சுழல்கதவு அவரை வெளியே விட்டது. மறு சுற்றில் உள்ளே கொண்டுவந்து வைத்தது.

“நீங்கள் போனீர்கள், வந்தீர்கள்,” என்றார் நில்ஸ். “வாக்கியம் முடிந்தது சுத்தமாக.”

“ஐயா, அது சும்மா சொல்லுத வார்த்தைய்யா. போயிட்டு வாரேன்!”

மறுபடி போனார், மறுபடி வந்தார். இந்தத் தடவை தோளில் பனி இருந்தது.

“‘போகிறேன்’ போதும் இங்கே.”

“அத எப்படிய்யா நான் வாயால சொல்லுவேன்?”

“மனைவி சொன்னார் உங்களிடம். அது இருக்கிறது கிடங்கில்.”

“அதுக்குத்தானய்யா ஓடுதேன்!”

தூரத்தில் ரயில் கூவியது. விவாதம் போதும் என்று அறவாழிக்குத் தோன்றியது.

“சரி, வாரேன்.”

நில்ஸ் சட்டென்று எழுந்தார். “யார் வருகிறார்?” என்று பக்கத்துக் கதவை மரியாதையாக அகலத் திறந்து, வருகிறவரைத் தேடி வெளியே எட்டிப் பார்த்தார். அவருடைய அக்குளுக்கடியில் புகுந்து அறவாழி போனார்.

ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் பிரமநாயகி. மடியில் இட்லிப் பொட்டலம்.

“பிரமு! ‘வாரேன்’னு ஒரு வார்த்தை சொல்லு.”

“நீங்க இத்தனை வருசமா சொன்ன ‘வாரேன்’ எல்லாம் எங்க கெடக்கு? போயி எண்ணிப் பாருங்க. அதான உங்க சோலி.”

“எல்லாம் என் தப்புதான். நீ சொல்லேன்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“மப்ளரக் காதோட சேத்துச் சுத்துங்க. மூக்குச் செவந்து கெடக்கு.” பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “சரி, வாரேன்,” என்றாள்.

ரயில் நகர்ந்தது. அறவாழி அரை மூச்சு விட்டார். மற்ற பாதி வெளியே வரவில்லை. வாசலில் அவரே சொன்னதும் இதே ‘சரி, வாரேன்’தான். சொல்லிவிட்டு அவர் போயிருந்தார்.

ஜன்னலோடு ஓடினார்.

“எந்த வாரேன்? பிரமு, எந்த வாரேன்?”

“என்னது?”

ஜன்னல் அவரைத் தாண்டிப் போனது. அடுத்த ஜன்னல் வந்தது. அதிலும் பிரமநாயகி இருந்தாள், இட்லிப் பொட்டலத்தோடு.

“எந்த வாரேன்னு கேக்கேன்!”

“கேக்கல. சத்தமாச் சொல்லுங்க!”

அதற்கடுத்த ஜன்னலில் அவள் காதருகே கையைக் குவித்திருந்தாள். ஜன்னல்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் அவள் போய்க்கொண்டிருந்தாள்.