நிறுத்திவைத்த பாதி

ஹாலெட் ஹார்பர் ஸ்டர்ஜன்ஸ் ஐஸ் ஹாக்கி அணி, டார்சி ஒலினிக்கைத் தெற்கே கோரல் பே அணிக்குக் கைமாற்றிய அன்று மாலை, விமானத்தில் ஏறியது அவனுடைய பாதி மட்டுமே. மறுபாதியை எங்கள் அணி, விதிப்படி, ஊரிலேயே நிறுத்திவைத்துக்கொண்டது. மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை அது. பெட்ரோல் விலை கொஞ்சம் ஏறியிருந்தது, ஏரிப் பனிக்கட்டி இன்னும் லாரி தாங்கும் கனத்தில் இருந்தது. பாதி ஆள் என்றதும் நடுவில் வகிர்ந்த பூசணிக்காயை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பாதிக்கும் கை, கால், மூக்கு, முன்பல் இல்லாத அதே சிரிப்பு எல்லாம் முழுசாகவே இருந்தன. எடைதான் பாதி. பனியில் நடந்தால் காலடி பாதி ஆழம்தான் பதிந்தது, குளிரில் வாயைத் திறந்தால் பாதி ஆவிதான் வந்தது. கறாரான ஊர் எங்களுடையது. முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டோம்.

இதற்கெல்லாம் காரணம் கூரை. ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று லீக் வைத்திருக்கும் உச்சவரம்பை எங்கள் பக்கத்தில் கூரை என்றுதான் சொல்வோம். பணக்கார அணிக்கும் ஏழை அணிக்கும் அது ஒரே உயரம். மோசமாக ஆடுகிறவன் போவான் என்பது மற்ற ஊர் நியாயம்; இங்கே நன்றாக ஆடுகிறவனும் போவான், பக்கத்தில் இருப்பவன் நன்றாக ஆடினாலும் போவான். ஒலினிக்குக்கு நடந்தது இதில் கடைசி வகை. ஹாக்கியில் யாருக்கும் முழுப்பெயர் நிலைக்காது என்பதால் ஊருக்கு அவன் ஓலி. அந்தக் குளிர்காலம் ஒரு சின்னப் பையன் கோலாக அடித்துத் தள்ளினான். அவனுக்குச் சம்பளம் ஏற்றவேண்டும், ஏற்றினால் தலை கூரையில் இடிக்கும். தடுப்பாட்டக்காரர்களில் பெரிய சம்பளம் ஓலியுடையது. கோரல் பே அணிக்கு ஓலியின் மேல் ஆசைதான், ஆனால் அவர்களுக்கும் கூரை இடித்தது. அவன் சம்பளத்தில் பாதியை நீங்களே கடைசிவரை சுமப்பதென்றால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். சம்பளத்தின் பாதி எங்கே நிற்கிறதோ ஆளின் பாதியும் அங்கேதான் நிற்கும். இது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி.

தன் சம்மதம் இல்லாமல் தன்னை எங்கும் அனுப்பக்கூடாது என்று ஓலியின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அப்படி வரி உள்ளவர்கள் வீட்டில், கைமாற்றத்தின் கடைசி நாளன்று, பிற்பகல் மூன்று மணிக்கு லீக் கதவை மூடும்வரை போனை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். எடுக்காத போனில் யாரும் சம்மதம் கேட்க முடியாது. ஓலியின் மனைவி மார்னி காலையிலேயே போனைப் பாலுக்குப் பின்னால் தள்ளிவைத்துவிட்டுத்தான் பல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். ஹாக்கி ஊரில் அந்த வேலைக்கு என்றுமே பஞ்சமில்லை. ஸ்கேட் தீட்டுகிறவர் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார் என்று ஓலி அதை வெளியே எடுத்தான். கூப்பிட்டது அணியின் பொது மேலாளர் ராய் ஹல்வர்சன்.

"நீ மாட்டேன்னா விட்டுர்றேன், ஓலி. ஆனா டீமுக்கு வேற வழி தெரியல."

"டீமுக்கு நல்லதுன்னா சரி ராய். எனக்கு என்ன."

"உன்ல பாதி இங்கேயே நிக்கணும்."

"அது இன்னும் நல்லது. மார்னியும் பாப்பாவும் தனியா இருக்க வேண்டாம் பாருங்க."

எந்தப் பாதி என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நினைத்திருப்பான். 'நல்ல பையன்' என்ற பெயருக்காக எங்கள் ஆட்டக்காரர்கள் பல்லைக் கொடுப்பார்கள், முழங்காலைக் கொடுப்பார்கள். ஓலி யோசிக்காமல் தன்னையே கொடுத்துவிட்டான். எனக்கு இன்னும் அவன்மேல் கோபம் ஆறவில்லை.

எந்தப் பாதி என்பது அன்று இரவுச் சாப்பாட்டில் தெரிந்துபோயிற்று. ஊரில் நின்ற ஓலி, ஐந்து வயது மகள் ஐவியை மடியில் வைத்து உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை ஊட்டினான். அவளுடைய கரடிப் பொம்மைகளின் பெயர்களைக்கூட வரிசை மாறாமல் சொன்னான். பிறகு மார்னியை நிமிர்ந்து பார்த்து, "சாப்பாடு பிரமாதம் மேடம். உங்களுக்குத் தொந்தரவு இல்லாம நான் எங்க படுத்துக்கலாம்?" என்று கேட்டான். விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள். அவனும் மரியாதைக்குச் சிரித்தான். அப்போது போன் அடித்தது. கோரல் பேயில் இறங்கிய ஓலி, "மார்னி, இங்க காத்துல உப்பு வாசனை வருதுடி, நீ இல்லாம ஒண்ணுமே நல்லா இல்ல" என்றான். அவள் கண்ணீரோடு போனை ஐவியிடம் கொடுத்தாள். குழந்தை இங்கே அப்பாவின் மடியில் இருந்தபடியே அங்கே இருந்த அப்பாவிடம் "ஹலோ" என்றது. மறுமுனை, "ஹலோ கண்ணு, நீ யாரு? பெரியவங்க யாராவது பக்கத்துல இருக்காங்களா?" என்றது. மார்னி போனைப் பிடுங்கி அணைத்தாள். அது கை நழுவிப் பெரோகித் தட்டில் விழுந்தது.

பயப்பட அவளுக்கு வேறு காரணமும் இருந்தது, ஊரே அறிந்த காரணம். ஓலிக்கு முன்பே எங்கள் ஊரில் பாதிகள் நின்றிருக்கின்றன. கோல்கீப்பர் ப்ளூம்க்விஸ்டின் பாதி, துறைமுகத்துப் பாலத்தில் மீன்பிடித்துக்கொண்டு நாலு வருஷம் நல்லபடியாக இருந்தது. ஒப்பந்தங்கள் எல்லாம் ஜூலை முதல் தேதி நண்பகலில் முடியும். அந்த மணி அடித்தபோது தூண்டில் இருந்தது, மூடி திறந்த காபியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது, ஆளைக் காணோம். மேற்கே ஒரு நகரத்தில் அவருடைய மறுபாதி அதே நிமிடம் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது. எந்தப் பாதி முதலில் கையெழுத்திடுகிறதோ அது முழு ஆளாகிவிடும், மற்றது போய்விடும். அடுத்த பருவம் அவர் எதிரணியோடு இங்கே வந்தபோது வரவேற்புப் பலகை கட்டினோம். அவர் பஸ் டிரைவரிடம் இது என்ன ஊர் என்று விசாரித்தார். இரண்டு பாதிக்குமே யாரும் ஒப்பந்தம் தராவிட்டால் அது இன்னும் மோசம். ஏரியோர நெடுஞ்சாலையில் பனிப்புயலில் லிஃப்ட் கேட்டு ஏறுகிறவர்களில் சிலர் உட்கார்ந்தும் சீட்டு அழுந்துவதில்லை என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள்.

ஓலியின் ஒப்பந்தம் அடுத்த கோடைவரை இருந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக மார்னி இரண்டு ஆண்களோடு வாழ்ந்தாள். ஒருவன் அவள் வீட்டில் விருந்தாளிபோல் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவான், பனியை வாரித்தள்ளுவான், ஐவிக்கு ஸ்கேட் நாடா கட்டிவிடுவான், வெளியே போகும்போது "வரட்டுமா மேடம்" என்பான். மற்றவன் தினமும் போனில் அவளைக் கொஞ்சுவான். டிவியில் கோரல் பே ஆட்டம் நடக்கையில் வீட்டு ஓலி தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருப்பான். அங்கே ஆட்டத்தின் ரப்பர் வட்டு விலாவில் பட்டால் இங்கே நீலம் பாரிக்கும். மார்னி அவனுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுப்பாள், அவன் கூச்சத்தோடு நன்றி சொல்வான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாதிக் கணவனுக்கு முழு அடுப்பு எதற்கு என்று கேலி பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறு மார்ச் வந்தபோது கோரல் பே அவனை இன்னோர் அணிக்குத் தள்ளப்போகிறது, அவர்களும் பாதியை நிறுத்திவைப்பார்களாம் என்று வதந்தி. பாதியில் பாதி என்றால் அதில் யார் பெயர் மிஞ்சும்? கைமாற்றத்தின் கடைசி நாளன்று மூன்று மணிவரை மார்னி வேலைக்குப் போகாமல் ஃபிரிட்ஜுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மூன்று மணி கடந்தது. ஆனால் ஜூலை இருந்தது.

ஜூன் கடைசியில் தெற்கத்தி ஓலி சந்தோஷமாகக் கூப்பிட்டான். கோரல் பே பெரிய ஒப்பந்தம் தருகிறார்களாம், பல வருஷங்களுக்கு. "ஆனா உன் குரலைக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். சரியா பன்னெண்டு மணிக்குக் கூப்பிடுறேன், சரின்னு ஒரு வார்த்தை சொல்லு போதும். முழு ஆளா உன்னைக் கூட்டிட்டுப் போக வர்றேன். அந்தக் குழந்தையையும் கூட்டிட்டு வா, எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்ல." நல்ல மனதோடுதான் சொன்னான். தெருவில் பார்த்த பூனைக்குட்டியைப் பற்றிப் பேசுவதுபோல மகளைப் பற்றி அவன் பேசினான். ஜன்னலுக்கு வெளியே மற்ற ஓலி, ஐவியின் சைக்கிளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். குழந்தை ஒவ்வொரு சுற்றிலும் திரும்பித் திரும்பி, பிடித்திருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே போனது.

மறுநாள் அவள் அரங்கத்துக்குப் போனாள். கோடையில் பனி உருக்கிய வெறும் சிமெண்டுத் தரையில் ஹல்வர்சன் தனியாக நின்றிருந்தார். அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. அவருடைய பாஷையிலேயே பேசினாள்.

"எங்க வீட்ல இருக்கிறவனுக்கு லீக்லயே குறைஞ்ச சம்பளம் எழுதுங்க. பன்னெண்டு அடிச்சதும் அவன் கையெழுத்துப் போட்டா உங்களுக்கு முழு ஓலி கிடைப்பான். கூரைக்குக் கீழ தாராளமா அடங்குவான்."

ஹல்வர்சனின் கண் மின்னியது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை உள்ள மனிதர். இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் விடுவாரா? இருந்தாலும் அவருக்கும் மனசு என்று ஒன்று இருந்தது.

"அவனுக்கு உன்னைத் தெரியாதே, மார்னி. உன்னைத் தெரிஞ்சவன் அந்தப் பக்கம்ல இருக்கான்."

"தெரியும்."

"அப்புறம் அவன் திரும்ப வரமாட்டான்மா."

"தெரியும்னு சொன்னேன்ல. அவனை யாரும் என் சம்மதம் இல்லாம வெளிய அனுப்பக்கூடாதுன்னு ஒரு வரி சேருங்க. அவன் சம்மதம் இல்ல, என் சம்மதம். அவன் கேக்கிறவங்களுக்கெல்லாம் சரின்னு சொல்லிருவான்."

ஜூலை முதல் தேதி நாட்டின் பிறந்தநாள், ஊரெங்கும் கொடி. காலையிலேயே மார்னி போனை ஃபிரிட்ஜில் பாலுக்குப் பின்னால் வைத்தாள். வீட்டு ஓலி சமையலறையில் ஐவியை மடியில் வைத்து, வழக்கம்போல் பாதி பான்கேக்கோடு நிறுத்தியிருந்தான். எதிரே ஹல்வர்சன் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். என்ன ஏது என்று ஓலி கேட்கவில்லை. மேடம் சொன்னால் சரியாக இருக்கும் என்றான். தீயணைப்பு நிலையத்தில் நண்பகல் சங்கு ஊதியது. ஊதி முடிப்பதற்குள் போன் அடித்தது. அந்த ஓலி எதிலும் தாமதிக்கிறவன் இல்லை. ஐவி மடியிலிருந்து இறங்கி ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்து, வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, பாலுக்குப் பின்னாடி அப்பா கூப்பிடுறாரு."

மார்னி கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். மணிச்சத்தம் தகரத்தின் வழியாக அவள் முதுகெலும்பில் அதிர்ந்தது. தன்னை இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஓலி, தன் ஒரு வார்த்தைக்காகப் பேனாவைக் கையில் பிடித்தபடி அங்கே காத்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொள்ளக்கூட அவளுக்குக் கை எழவில்லை.

"ஏதாவது முக்கியமான போனா இருக்கப்போகுது மேடம்" என்றான் வீட்டு ஓலி.

"நீங்க கையெழுத்தைப் போடுங்க" என்றாள்.

போட்டான். போன் பாதி மணியில் நின்றது. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி கிறீச்சென்றது, தரைப்பலகை லேசாக அமிழ்ந்தது. அவன் மிச்சமிருந்த பான்கேக்கைத் தன்பக்கம் இழுத்து முழுவதும் தின்றான், இன்னொன்று கேட்டான். ஹல்வர்சன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். வாயைத் துடைத்துக்கொண்டே ஓலி, "மன்னிச்சுக்கோங்க, இத்தனை நாள் உங்க வீட்ல இருக்கேன், உங்க பேரைக் கேட்கவே இல்லையே" என்றான். சொன்னாள். அவன் ஐவியிடம் குனிந்து, சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று கேட்டுக்கொண்டான்.

அந்தப் பனிக்காலம் ஓலியின் காலடி வாசலில் ஆழமாகப் பதிந்தது. ஸ்டர்ஜன்ஸ் கோப்பை வெல்லவில்லை, பெட்ரோல் விலை இறங்கவில்லை. மார்ச்சில் கைமாற்றத்தின் கடைசி நாள் வந்தபோது அவன் தானாகவே போனைக் கொண்டுபோய்ப் பாலுக்குப் பின்னால் வைத்தான். மூன்று மணி ஆகும்வரை இருவரும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவன் தன் கையை அவள் கைமேல் வைத்தான். "பயப்படாதீங்க மார்னி" என்றான். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான். 'நீ' என்று சொல்ல அவனுக்கு இன்னும் இரண்டு குளிர்காலம் ஆயிற்று.